முதலில் சொல்வதா, முதலில் மாத்திரையா: வளரிளம் பிள்ளைக்கு ஏ.ஆர்.டி. தொடங்கும்போது

பத்து வயது தாண்டிய பிள்ளைக்கு எச்.ஐ.வி. என்று ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. அந்த வாரமே ஏ.ஆர்.டி. என்கிற, எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் மாத்திரையைத் தொடங்கிவிட்டு, என்ன நோய் என்பதைப் பிள்ளைக்குப் பிறகு சொல்லிக்கொள்வது ஒன்று. பிள்ளைக்கு விவரத்தைச் சொல்லிக் கையோடு தொடங்குவது இன்னொன்று. ‘இப்ப நல்லாத்தானே இருக்கு, பரீட்சை முடியட்டும்’ என்று தள்ளிப்போடுவது மூன்றாவது. என் அக்கா மகளுக்கு 13 வயதில் தெரியவந்தபோது இதை வைத்து எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அக்காவும் மச்சானும் உயிரோடு இல்லை. தாய்மாமன் நான்தான் கையெழுத்துப் போட வேண்டியவன். சொல்லிவிட்டுத் தொடங்குவது என்று முடிவெடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

தள்ளிப்போடுவதை முதலிலேயே கழித்துவிடலாம். ஒரு காலத்தில் அரசாங்கமே காத்திருக்கச் சொன்னது உண்மைதான். ரத்தத்தில் சி.டி.4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து என்றிருந்தது. அது 350 ஆகி, 500 ஆகி, 2017-ல் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் எல்லாருக்கும் மருந்து என்றாகிவிட்டது. 2015-ல் வெளிவந்த ஸ்டார்ட் ஆய்வில், 500-க்கு மேல் இருக்கும்போதே தொடங்கியவர்களுக்கு, 350 வரை காத்திருந்தவர்களைவிடக் கடுமையான நோயும் சாவும் 57 சதவீதம் குறைவாக இருந்தன. அது பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வு. தாய்லாந்திலும் கம்போடியாவிலும் 1 முதல் 12 வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்த ப்ரெடிக்ட் ஆய்வில், உயிர் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை; ஆனால் சீக்கிரம் தொடங்கிய பிள்ளைகள் நன்றாக உயரம் வளர்ந்தார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த உயரம் ஒன்றே போதுமான காரணம். எங்கள் பிள்ளை பள்ளிக்கூடப் பிரேயரில் தன்னைவிட இரண்டு வகுப்பு சின்னவர்கள் தோளுக்குத்தான் வருவாள். வளர்கிற வயதே இன்னும் கொஞ்ச வருஷம்தான், அதைக் காத்திருந்து கழிக்க முடியாது.

டாக்டரே காத்திருக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை இருக்கிறதா என்று கேட்பது டி.பி.யைத் தேடித்தான். டி.பி. இருந்தால் முதலில் அதற்கான மருந்தைத் தொடங்கி, பிறகு இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல் என்றால் 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் பொறுப்பதற்குக் காரணமே கிடையாது.

மருந்தில் நாம் தேர்ந்தெடுக்க அதிகமில்லை. பத்து வயதும் 30 கிலோவும் தாண்டிய பிள்ளைக்கு டி.எல்.டி. என்ற ஒரே மாத்திரை, நாளைக்கு ஒரு தடவை: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். எடை 20-க்கும் 30-க்கும் நடுவில் என்றால் டெனோஃபோவிருக்குப் பதில் அபகாவிர். எங்கள் பிள்ளை 32 கிலோ இருந்தாள். என் அக்கா சாப்பிட்டது இதற்கு முந்தைய எஃபவிரென்ஸ் சேர்ந்த மாத்திரை. ராத்திரி போட்டால் தலை கிறுகிறுக்கும், கெட்ட கனவு வரும் என்று சொல்லிச் சொல்லியே பாதி நாள் விட்டுவிட்டாள். அந்த மருந்தை இடையிடையே விட்டால் வைரஸ் அதற்குச் சீக்கிரம் பழகிவிடும், பிறகு அது வேலை செய்யாது. டோலுடெக்ராவிருக்கு வைரஸ் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. விடலைப் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். பக்கவிளைவாக எடை கூடலாம், சிலருக்குத் தூக்கம் கெடும். டெனோஃபோவிருக்காகக் கிட்னி டெஸ்ட் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி மற்ற இரண்டு வழிகள். சொல்லாமல் தொடங்கலாம் என்பவர்களின் வாதத்தை நான் லேசாகப் பார்க்கவில்லை. என் அம்மாவே அந்தப் பக்கம்தான். ‘பச்சப் புள்ளடா, தாங்காது. வெளிய யார்ட்டயாவது உளறிட்டா ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா?’ என்றது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அம்மாவின் பயத்துக்கு முகாந்திரம் இருக்கிறது. சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை கேள்வி கேட்காமல் விழுங்கும். முதல் ஆறு மாதம் அது நடக்கவும் செய்யும்.

ஆனால் இந்த மாத்திரை ஆறு மாதத்தோடு முடிகிற சமாச்சாரம் இல்லை, ஆயுசுக்கும். இதைத் தொடங்குவதைவிடத் தினமும் தொடர்வதுதான் கஷ்டம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது அதுதான். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் நாம் மாத்திரையைப் போட்டுவிடலாம். பதினாறு வயதில் டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ், சித்தி வீட்டுத் திருவிழா என்று அது போகிற இடமெல்லாம் பின்னால் போக முடியாது. காரணம் தெரியாதவள் உடம்புக்கு நன்றாக இருக்கிற அன்று எதற்காக மாத்திரை போடுவாள்? சத்து மாத்திரையை யாரும் ஆயுசுக்கும் சாப்பிடுவதில்லையே.

மதுரை பெரியாஸ்பத்திரியில் டோக்கனுக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி தன் பேரனைப் பற்றிச் சொன்னார். அவனுக்கும் சத்து மாத்திரைதான். ஒன்பதாம் வகுப்பில் டப்பாவில் இருந்த பெயரை போனில் தட்டிப் பார்த்திருக்கிறான். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினம் ராத்திரி வாயில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போய்த் துப்பியிருக்கிறான். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, ஏறிய பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. ‘மாத்திரை கசக்குதுன்னு துப்பல தம்பி, என்கிட்ட பொய் சொல்லிட்டியேன்னு துப்பினான்’ என்றார் அந்தப் பாட்டி. எங்கள் வீட்டு வாக்குவாதம் எனக்குள் அன்றைக்கே முடிந்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, அதாவது 6 முதல் 12 வயதுக்குள், அவரவர் புரிதலுக்கு ஏற்பச் சொல்லிவிட வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. அதன்படி பார்த்தால் எங்கள் பிள்ளைக்கு வயது தாண்டிவிட்டது. ஆனாலும் வீட்டில் நாங்களாக உட்காரவைத்துச் சொல்லவில்லை. ஏ.ஆர்.டி. மையத்துக் கவுன்சிலிங் மேடத்திடம் விட்டோம், நான் பக்கத்தில் இருந்தேன். அவர் எடுத்த எடுப்பில் நோயின் பெயரைச் சொல்லவில்லை. ‘நீ எதுக்காக இங்க வந்திருக்கேன்னு நினைக்கிற?’ என்று கேட்டார். பிள்ளை துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னது: ‘எங்கம்மாவுக்கு வந்ததுதானே?’ பாதி தெரிந்தே இருந்திருக்கிறது. மீதியை மேடம் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். பிள்ளை அழவில்லை. ‘அம்மா ஏன் மாத்திரைய விட்டுச்சு மாமா?’ என்று என்னைக் கேட்டது. கிறுகிறுப்பையும் கனவையும் சொன்னேன். ‘இது அந்த மாத்திரை இல்லல்ல?’ என்றது. அழுகை வீட்டுக்கு வந்தபிறகுதான், அதுவும் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு. என் மனைவி கூடவே படுத்துக்கொண்டாள். இவ்வளவும் அந்த வாரத்துக்குள்ளேயே முடிந்து மாத்திரையும் தொடங்கியாகிவிட்டது. சொல்வதென்றால் மாதக்கணக்கில் தாமதமாகும் என்பது தவறான பயம்.

சொன்னதால் கிடைத்த லாபம் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். இரும்பு, கால்சியம், அல்சருக்குக் குடிக்கும் மருந்து இவையெல்லாம் டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். அவற்றுக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் பின்னாலோதான் இதைப் போட வேண்டும். இதைக் கணக்குப் பார்த்து ராத்திரி எட்டு மணி என்று வைத்தவள் பிள்ளையேதான். ‘மத்தியானம் அந்த மாத்திரை, எட்டு மணிக்கு இது, சரியா வருதுல்ல மாமா?’ தன் மருந்து என்ன என்று தெரிந்த பிள்ளையால்தான் இந்தக் கணக்கைப் போட முடியும். ஆறாவது மாத வைரல் லோடு கருவியில் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த அளவிலேயே இருந்தால் உடலுறவு வழியாகப் பிறருக்குப் பரவாது என்பதையும் மேடம் வயதுக்கேற்றபடி சொல்லிவிட்டார். நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது எங்கிருந்து பேசத் தொடங்குவது என்ற தவிப்பு எங்களுக்கு இல்லை.

அம்மா பயந்த ‘உளறிவிடும்’ என்பது இதுவரை நடக்கவில்லை. யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்ல வேண்டாம் என்று பிள்ளையோடு சேர்ந்தே பேசி வைத்தோம். பள்ளியில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டத்தின்படி, படிக்கிற இடத்தில் பாகுபாடு காட்டக் கூடாது.

நான் பார்த்தது ஒரு பிள்ளையை, அதுவும் பிறப்பிலேயே தொற்று வந்த பிள்ளையை. வேறு வழியில் தொற்று வந்த பதினேழு வயதுப் பையனுக்கு யார், எப்படிச் சொல்வது என்பதில் என் அனுபவம் உதவாது. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகள் டப்பாவை எங்கே வைப்பார்கள் என்பதற்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. காய்ச்சலும் மெலிவுமாகப் படுத்த படுக்கையாக இருக்கிற பிள்ளை என்றால் முதலில் மருந்து, தேறியபின் பேச்சு என்பதே சரியாக இருக்கலாம்.

எங்கே மாத்திரை வாங்குவது என்பதிலும் இரண்டு வழி உண்டு. தொடங்குவது மதுரை போன்ற பெரிய மையத்தில்தான். உடம்பு நிலைப்பட்ட பிறகு பக்கத்து இணைப்பு மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், பஸ் செலவு மிச்சம். ஊர்க்காரர் கண்ணில் படும் என்று நாங்கள் மாற்றவில்லை. ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று பிள்ளையை நானே கூட்டிப்போகிறேன். தொடங்கும் முன்னால் யாரிடமாவது பேச வேண்டும் என்று இருப்பவர்கள் 1097-க்குப் போன் போடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.