ஈக்விப்: கவுன்சலிங் பழகும் வகுப்புக்கு ஏற்ற அளவுகோல்

கவுன்சலிங் தாளில் எண்பது மதிப்பெண் வாங்கிய மாணவர், எதிரே உட்கார்ந்தவர் "செத்துடலாம்னு தோணுது" என்றதும் "அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா, உங்களுக்குக் குழந்தை இருக்கு" என்று பதறிப் பதில் சொல்வது நம் உளவியல் வகுப்புகளில் அரிதல்ல. அவருக்குப் பாடம் தெரியாமல் இல்லை. கவுன்சலிங் பலன் தரத் தேவை என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய நிபந்தனைகளைக் கேட்டால் ஒப்பிப்பார். (பெரும்பாலும் மூன்றுதான் சொல்வார், ரோஜர்ஸ் எழுதியவை ஆறு.) அவர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வாக்கியம் எதிரே இருப்பவரின் வாயை அடைத்துவிட்டது என்று காட்டித் தர ஆளில்லை. அப்படிக் காட்டித் தருவதற்கென்றே ஈக்விப் என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. முதுநிலை உளவியல், சமூகப்பணி வகுப்புகளில் அதை எப்படிப் பயன்படுத்தலாம், எங்கே சறுக்கும் என்பதை இங்கே பார்க்கலாம்.

ஈக்விப் என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் இணையத்தளம். 2022இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. உள்ளே பயிற்சிப் பாடங்கள், ரோல் பிளேக்கான (பாத்திரம் ஏற்று நடித்துப் பழகுவதற்கான) கதைக்குறிப்புகள், மதிப்பெண் இடும் படிவங்கள், முடிவுகளைப் படமாகக் காட்டும் வசதி எல்லாம் உண்டு. பாடங்களைவிடப் படிவங்கள்தான் மதிப்புள்ளவை. அவற்றில் முக்கியமானது, கவுன்சலரின் அடிப்படைத் திறன்களை அளக்கும் எனாக்ட். நேபாளத்தில் உருவாகி 2015இல் வெளியானபோது அதில் 18 திறன்கள் இருந்தன. ஈக்விப்பில் உள்ள வடிவத்தில் 15. எந்தச் சிகிச்சை முறையைப் பின்பற்றினாலும் தேவைப்படும் அடிப்படைகள் இவை: உடல்மொழியும் கவனித்துக் கேட்பதும், பேசும் முறை, ரகசியம் காப்பதை விளக்குவது, நெருக்கம் உண்டாக்குவது, உணர்வுகளைப் பேசவைப்பது, பரிவு, தற்கொலை போன்ற ஆபத்துகளை விசாரிப்பது, குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது, இலக்கைச் சேர்ந்து முடிவுசெய்வது, பொய்யில்லாத நம்பிக்கை தருவது, இப்படி.

மதிப்பெண் இடும் முறையில்தான் இதன் சிறப்பு இருக்கிறது. ஒவ்வொரு திறனுக்கும் கீழே மூன்று பட்டியல்: தீங்கு செய்யக்கூடிய நடத்தைகள், அடிப்படை நடத்தைகள், மேம்பட்ட நடத்தைகள். கவனிப்பவர் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் டிக் செய்ய வேண்டும். தீங்குப் பட்டியலில் ஒன்று விழுந்தாலும் அந்தத் திறனுக்கு நிலை 1. மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. தீங்கு இல்லை, ஆனால் அடிப்படையும் முழுதாக இல்லை என்றால் நிலை 2. அடிப்படை எல்லாம் இருந்தால் 3. அதோடு மேம்பட்டதில் ஒன்றாவது இருந்தால் 4. நம் கல்லூரி மதிப்பீடுகளில் நல்லதைச் சேர்த்துக்கொண்டே போவோம்; கெடுதலைக் கழிக்கும் வழக்கம் இல்லை. இந்தப் படிவம் கெடுதலை முதலில் கேட்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை எல்லாத் துறைகளும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அந்தத் தீங்குப் பட்டியலைத் தமிழ்ப் பேச்சோடு வைத்துப் பார்த்தால் நம் பழக்கங்கள் வரிசையாக மாட்டிக்கொள்ளும். செல்போனை எடுத்துப் பார்ப்பது, பதிவேட்டை நிரப்பிக்கொண்டே கேட்பது எல்லாருக்கும் தெரிந்த தவறுகள். ஆனால் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பதும் பட்டியலில் உண்டு. "மாமியாரோட பிரச்சினை, அப்படித்தானே?", "வேணும்னு செய்யல, இல்லையா?" என்று 'தானே'யும் 'இல்லையா'வும் போட்டுக் கேட்பது நமக்கு மரியாதையான பேச்சு, எதிரே இருப்பவருக்கு அது கதவடைப்பு. வயதில் பெரியவர் முன்னால் 'இல்லை' என்று மறுக்கத் தயங்கித் தலையாட்டிவிடுவார். அதே விஷயத்தை "வீட்ல என்ன நடந்துச்சு, கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டால் போதும். "நீங்க அவர்கிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்பது குற்றம் சாட்டும் வாக்கியம், நிலை 1. "எனக்கும் இப்படித்தான் ஆச்சு, நான் கண்டுக்கவே இல்ல" என்பது தன் கதையைச் சொல்லி அடுத்தவர் துயரத்தைச் சிறிதாக்குவது, அதுவும் 1. "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்ற ஆறுதலும், நிறைவேற்ற முடியாத வாக்குறுதி என்பதால், நம்பிக்கை தரும் திறனில் அடிவாங்கும்.

ஆபத்தை விசாரிக்கும் திறனைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேட்காமல் விடுவதையே தீங்கு என்று படிவம் கணக்கில் வைக்கிறது. தற்கொலையைப் பற்றிக் கேட்டால் எண்ணத்தை விதைத்தது ஆகிவிடும் என்ற பயம் மாணவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. பாவம், கோழைத்தனம், சட்டப்படி குற்றம் என்று உபதேசம் செய்வதும் பட்டியலில் இருக்கிறது. சட்டம் விஷயத்தில் இந்திய மாணவர் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது: மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 115 தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது. கேள்வியை மறைக்காமல் கேட்கப் பழக வேண்டும்: "இவ்வளவு கஷ்டத்துல, உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" 'ஆமாம்' என்றால் எப்போது, எப்படி, கையில் என்ன இருக்கிறது, இன்று இரவு யார் கூட இருப்பார்கள் என்று அடுத்தடுத்துப் போக வேண்டும். பூச்சிமருந்து வீட்டில் இருக்கிறதா என்ற கேள்வி நம் கிராமப்புறத்துக்குக் கட்டாயம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுவது திட்டம் ஆகாது. அந்த எண் திட்டத்தில் ஒரு வரி மட்டும்.

ரகசியம் காக்கும் திறனில் மாணவர்கள் அதிகம் விழுவது, "நீங்க சொல்றது நம்ம ரெண்டு பேரைத் தாண்டாது" என்ற முதல் வாக்கியத்தில். அது உண்மையில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் தாண்டும். 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் வன்முறை என்று தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு புகார் செய்யச் சொல்கிறது. மறைப்பது 21ஆம் பிரிவில் தண்டனைக்குரியது. இந்த விதிவிலக்குகளை உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும். அழுதுகொண்டே பாதி சொல்லி முடித்த பிறகு சொன்னால் அது துரோகமாகத்தான் தெரியும். ஈக்விப் உலகம் முழுமைக்குமானது. நம் சட்டத்தை அது சொல்லித் தராது. ஆசிரியர்தான் சேர்க்க வேண்டும். இன்னொன்று, அம்மாவோ அண்ணனோ கூடவே உள்ளே வந்து உட்காரும் நம் வழக்கம். ரோல் பிளேயில் அவருக்கென்று கூடுதலாக ஒரு நாற்காலி போட்டு, அவரை மரியாதையாக வெளியே காத்திருக்கச் சொல்லும் பேச்சையும் பழக வேண்டும்.

வகுப்பில் நடத்த மூன்று பேர் போதும்: கவுன்சலராக ஒருவர், கிளையன்டாக ஒருவர், மதிப்பிடுபவர் ஒருவர். பதினைந்து முதல் இருபது நிமிடம். கிளையன்டாக நடிப்பவருக்குக் கதைக்குறிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். என்ன பிரச்சினை, எதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் "இதை யார்கிட்டயும் சொல்லிட மாட்டீங்களே?" என்று தானாகக் கேட்க வேண்டும், எல்லாம். இந்தத் தூண்டுதல்கள் இல்லாவிட்டால் அந்தத் திறனைக் காட்ட கவுன்சலருக்கு வாய்ப்பே வராது. பிறகு அவருக்கு 1 போடுவது அநியாயம். இருபது பேரைச் சோதித்தால் இருபது பேருக்கும் ஒரே கதை, ஒரே அழுத்தம். நடிப்பவர் உற்சாகத்தில் புதுச் சோகங்களைச் சேர்ப்பார், அடக்க வேண்டும். யாரும் தம் சொந்தக் கதையை எடுத்து நடிக்கக் கூடாது. நடுவில் உண்மையாகவே உடைந்துவிட்டால் வகுப்பு அதைத் தாங்காது. முடிந்ததும் நடித்தவர் எழுந்து இடம் மாறி உட்கார்ந்து, தம் பெயரைச் சொல்லி, அந்தப் பாத்திரத்திலிருந்து வெளியே வரட்டும்.

மதிப்பிடுபவருக்கும் பயிற்சி வேண்டும், இதைத்தான் துறைகள் விட்டுவிடுகின்றன. முதல் வேலையாக ஒரே காணொளியை எல்லாரும் பார்த்து, தனித்தனியே மதிப்பிட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். வேறுபாடு அதிகம் வருவது 2க்கும் 3க்கும் நடுவில். காரணம் எப்போதும் ஒன்றுதான்: மொத்தத்தில் நன்றாக இருந்தது என்ற மனப்பதிவில் 3 போட்டுவிட்டு, அதற்கேற்ப டிக் செய்வது. முதலில் டிக், அதைக் கூட்டிப் பார்த்து நிலை என்ற வரிசை மாறவே கூடாது. தோழமையில் தீங்கு டிக்கைத் தவிர்ப்பது இரண்டாவது சிக்கல். ஒரே குழுவில் நெருங்கிய நண்பர்களைப் போடாமல் இருந்தால் பாதி தீரும்.

முடிவைச் சராசரியாகச் சொல்வது பெரிய தவறு. பதினைந்து திறனில் பன்னிரண்டில் 3, மூன்றில் 1 வாங்கியவரின் சராசரி 2.6. பார்க்கச் சுமாராகத் தெரியும். அந்த மூன்றில் ஒன்று தற்கொலை விசாரணை என்றால், இவர் இன்னும் ஆள் முன்னால் உட்காரத் தயாராகவில்லை. எனவே எத்தனை 1, எவற்றில் 1 என்பதைத்தான் எழுத வேண்டும். பருவத் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை நடத்தினால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இதை அக மதிப்பெண்ணோடு கட்டிவிடாதீர்கள். கட்டினால் மாணவர் படிவத்தைப் பார்த்து நடிக்கத் தொடங்குவார். வேலை போன கவலையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, டிக்குக்காகத் தற்கொலைக் கேள்வியைத் திடீரென்று வீசுவார்.

உள்ளூர்ச் சொற்களைப் பயன்படுத்துவது என்று ஒரு திறன் இருக்கிறது. ஆங்கிலத்தில் படித்த மாணவருக்கு இது கடினம். படிவத்தை எந்த மொழியில் வைத்திருந்தாலும் ரோல் பிளே தமிழில்தான் நடக்க வேண்டும். "மனசு சரியில்ல", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "கை கால் ஓஞ்சு போச்சு", "ஒரே யோசனையா இருக்கு" என்று வருபவரிடம் "உங்களுக்கு ஆங்ஸைட்டி, டிப்ரஷன்" என்று திருப்பித் தருவது தீங்கின் பக்கம்தான் போகும். அவர் சொன்ன 'யோசனை'யையே எடுத்து, அது தூக்கத்தை, சாப்பாட்டை, வேலையை எப்படித் தொடுகிறது என்று கேட்க வேண்டும்.

அடிப்படைகள் வந்த பிறகு சிகிச்சை உத்திகளுக்கு ஈக்விப்பை மட்டும் நம்பியிருக்க முடியாது. அதற்கு, அதே உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட, மனத்துயரில் இருப்பவருக்கான குறுகிய உதவி முறையை விளக்கும் பி.எம். பிளஸ் கையேட்டைச் சேர்த்துக்கொள்ளலாம், இதுவும் இலவசம். வாரம் ஒன்றாக ஐந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். மூச்சை நிதானப்படுத்துவது, பிரச்சினையைக் கையாளும் படிகள், முடங்கியவரைச் செயலுக்குக் கொண்டுவருவது, சமூக ஆதரவைப் பலப்படுத்துவது என நான்கு உத்திகள். பெஷாவரில் மனநலப் பட்டம் இல்லாத சுகாதாரப் பணியாளர்கள் இதை நடத்த, 346 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. மூன்று மாதம் கழித்தும் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. பத்துச் சிகிச்சை முறைகளின் பெயரை மேலோட்டமாகத் தெரிந்திருப்பதைவிட இந்த நான்கை ஒழுங்காகச் செய்யத் தெரிந்த மாணவர் பயனுள்ளவர்.

மூச்சுப் பயிற்சியில் நடக்கும் பிழை, 'ஆழமா இழுங்க' என்று சொல்வது. பயந்தவர் வேகமாகவும் அதிகமாகவும் இழுத்துத் தலைசுற்றிப் போவார். வயிறு மேலெழும்படி மெதுவாக உள்ளே, மெதுவாக வெளியே என்றுதான் கையேடு போகிறது. எண்ணிக்கை அவரைத் திணறடித்தால் அதை விட்டுவிடலாம். செயலுக்குக் கொண்டுவருவதில் பிழை, இலக்கு பெரிதாக இருப்பது. 'தினமும் வாக்கிங்' என்பது தோற்கும். 'செவ்வாய் மாலை ஐந்தரைக்குத் தெருமுனைக் கடை வரை, பக்கத்து வீட்டு அக்காவோடு' என்பது நடக்கும். பிரச்சினைப் படிகளில் நம் மாணவர்கள் வழிகளைத் தாமே அடுக்கிவிடுவார்கள். பட்டியல் கிளையன்ட் வாயிலிருந்து வர வேண்டும், கிறுக்குத்தனமாகத் தோன்றும் யோசனையும் முதலில் எழுதப்பட வேண்டும். முன்னேற்றத்தை அளக்க சைக்லாப்ஸ் என்ற சிறு படிவத்தைக் கையேடு பயன்படுத்துகிறது: நான்கு கேள்வி, ஒவ்வொன்றும் 0 முதல் 5. கிளையன்ட் தம் பிரச்சினையைத் தம் சொல்லிலேயே எழுதுவார். அமர்வுதோறும் எண்ணைக் குறித்து வந்தால் எது நகர்கிறது, எது நகரவில்லை என்று தெரியும்.

தற்கொலைத் திட்டத்தோடு இருப்பவர், கடுமையான மனநோய் உள்ளவர் ஆகியோருக்கு பி.எம். பிளஸ் இல்லை, அவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஈக்விப், பி.எம். பிளஸ் இரண்டையும் முடித்ததால் யாரும் சிகிச்சையாளர் ஆகிவிட மாட்டார். இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பு வேண்டும். மேற்பார்வையாளர் இல்லாத துறையில் இந்தக் கருவி பாதி வேலைதான் செய்யும்: நிலை 1 என்று படிவம் சொல்லிவிடும், அதை எப்படி மாற்றுவது என்று உட்கார்ந்து மறுபடி நடித்துக் காட்ட ஒரு மனிதர் வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் வகுப்பு பதினைந்தையும் முதல் நாளே எடுக்க வேண்டாம். கவனித்துக் கேட்பது, பேசும் முறை, ரகசியம் விளக்குவது என்ற மூன்றை மட்டும் அச்செடுத்து இரண்டு வாரம் பழகட்டும். மூன்றாவது வாரம் ஆபத்து விசாரணை. மற்றவை அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு வீதம் எடுத்தால், ஒரு பருவத்தில் மறுசோதனைக்கும் நேரம் மிஞ்சும்.