"ஃப்ரீ அப்கிரேடு" என்று வரும் கிரெடிட் கார்டு அழைப்பு: ஓடிபி போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வாழ்நாள் இலவசம் என்று சொல்லித் தரப்பட்ட கார்டு. பல வருடமாக ஆண்டுக் கட்டணம் என்று ஒரு ரூபாய் பிடித்தது கிடையாது. ஒரு நாள் பேங்கிலிருந்து போன். "சார், நீங்க பில்லெல்லாம் கரெக்டா கட்டுறீங்க, அதனால உங்க பிளாட்டினம் கார்டை ஃப்ரீயா சிக்னேச்சருக்கு அப்கிரேடு பண்ணித் தர்றோம். ஏர்போர்ட் லவுஞ்ச் எல்லாம் உண்டு. லிங்க் அனுப்புறேன், ஓடிபி போட்டு கன்ஃபர்ம் பண்ணிடுங்க." வாடிக்கையாளர் போட்டார். சில நாளில் புது கார்டு வந்தது. அடுத்த ஸ்டேட்மென்டில் இரண்டு வரிகள்: மெம்பர்ஷிப் ஃபீ 2,500 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 450 ரூபாய். மொத்தம் 2,950.

கஸ்டமர் கேரில் கேட்டதற்குக் கிடைத்த பதிலை அப்படியே கவனியுங்கள். "அப்கிரேடுக்குத்தான் சார்ஜ் இல்லை சார். கார்டுக்கு ஆனுவல் ஃபீ உண்டு. நீங்க ஓடிபி போட்டு கன்சென்ட் குடுத்திருக்கீங்க." சரி, பழைய கார்டையே கொடுங்கள் என்றால், அது மூடப்பட்டுவிட்டதாம். புதிதாக விண்ணப்பித்தால் தரலாமாம், ஆனால் இப்போது அந்த கார்டுக்கு வாழ்நாள் இலவசச் சலுகை இல்லையாம். இதற்கிடையே பழைய கார்டு எண்ணில் ஓடிக்கொண்டிருந்த மொபைல் பில், இன்சூரன்ஸ் பிரீமியம் ஆட்டோ டெபிட் இரண்டும் நின்றுபோயின.

பேங்கின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு பேங்கோடு முடிகிற விஷயமும் அல்ல இது. போனில் பேசுபவருக்கு மாதம் இத்தனை அப்கிரேடு முடிக்க வேண்டும் என்று டார்கெட் இருக்கிற இடங்களிலெல்லாம் இது நடக்கும். அவர் சொன்னதில் அப்பட்டமான பொய் ஒன்றும் இருக்காது. சொல்லாமல் விட்டதுதான் கையைக் கடிக்கும்.

அப்கிரேடு என்றால் இருக்கிற கார்டை மெருகேற்றித் தருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. பழைய கார்டுக்கான ஒப்பந்தம் முடிகிறது, புதிய கார்டுக்கான ஒப்பந்தம் தொடங்குகிறது. கட்டணம், செலவுக்குக் கிடைக்கும் ரிவார்டு பாயின்ட் விகிதம், கட்டணத் தள்ளுபடிக்கான செலவு இலக்கு எல்லாம் புதிய கார்டின் விதிப்படிதான் நடக்கும். "வாழ்நாள் இலவசம்" என்ற சலுகை அந்தப் பழைய கார்டுக்குத்தான் தரப்பட்டது, உங்களுக்கு அல்ல. கார்டு போனால் சலுகையும் போகும்.

கார்டின் மேல் அச்சாகியிருக்கும் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். விசாவில் கிளாசிக், கோல்டு, பிளாட்டினம், சிக்னேச்சர், இன்ஃபினிட் என்றும், மாஸ்டர்கார்டில் டைட்டானியம், பிளாட்டினம், வேர்ல்டு, வேர்ல்டு எலீட் என்றும், ரூபேயில் கிளாசிக், பிளாட்டினம், செலக்ட் என்றும் படிகள் உண்டு. இவை விசா, ரூபே போன்ற கார்டு நெட்வொர்க்குகள் வைத்த படிகள். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, நூறு ரூபாய்க்கு எத்தனை பாயின்ட், ஒரு பாயின்ட் எத்தனை பைசா என்பதையெல்லாம் முடிவு செய்வது பேங்க். ஒரு பேங்கின் சிக்னேச்சர் கார்டு இலவசமாக இருக்கும், இன்னொரு பேங்கின் சிக்னேச்சருக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் இருக்கும். ஆகவே "சிக்னேச்சர் தர்றோம்" என்பது உங்களுக்கு எந்தத் தகவலையும் தரவில்லை. கார்டின் முழுப் பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயரை பேங்கின் இணையதளத்தில் தேடி, "மிக முக்கிய நிபந்தனைகள்" என்று எம்ஐடிசி ஆவணம் இருக்கும், அதிலுள்ள கட்டண அட்டவணையைத் திறந்து பாருங்கள். போனில் என்ன சொன்னாலும் கடைசியில் நிற்பது அந்தப் பக்கம்தான்.

இப்போது கணக்கு. பழைய இலவச கார்டில் 100 ரூபாய்க்கு ஒரு பாயின்ட், பாயின்ட் 25 பைசா என்று வையுங்கள். திரும்பக் கிடைப்பது 0.25 சதவீதம். புது கார்டில் 150 ரூபாய்க்கு 4 பாயின்ட். "நாலு மடங்கு" என்று போனில் சொல்வார்கள். பாயின்ட் அதே 25 பைசா என்றால் 150 ரூபாய்க்கு ஒரு ரூபாய், அதாவது 0.67 சதவீதம். கூடுதலாகக் கிடைப்பது 0.42 சதவீதம்கூட முழுசாக இல்லை. 2,950 ரூபாய் கட்டணத்தை இந்தக் கூடுதல் பாயின்டால் மீட்க வருடத்துக்கு 7,08,000 ரூபாய் செலவழிக்க வேண்டும். அதற்குக் குறைவாகச் செலவழிப்பவர் பாயின்டுக்காக அப்கிரேடு செய்தால் நஷ்டம்தான். பாயின்டைப் பணமாக மாற்றும்போது மதிப்பு குறைவாகவும் விமான டிக்கெட்டாக மாற்றும்போது அதிகமாகவும் வைத்திருப்பார்கள். விளம்பரத்தில் வருவது பெரிய எண். உங்கள் கணக்குக்குச் சின்ன எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

"வருஷத்துக்கு 3 லட்சம் செலவழிச்சா ஃபீ திரும்ப வந்துடும் சார்" என்பது அடுத்த வலை. எந்தச் செலவெல்லாம் கணக்கில் சேராது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பல கார்டுகளில் வீட்டு வாடகை, பெட்ரோல், வாலெட்டில் பணம் ஏற்றுவது, இஎம்ஐ ஆகியவை சேராது. சிலவற்றில் இன்சூரன்ஸும் அரசுக் கட்டணங்களும் சேராது. மாதம் 25,000 ரூபாய் கார்டில் தேய்ப்பவர் 3 லட்சம் ஆகிவிடும் என்று நம்புவார். அதில் வாடகை 12,000, பெட்ரோல் 3,000 என்றால் கணக்கில் சேர்வது மாதம் 10,000. வருடக் கடைசியில் 1,20,000 தான் காட்டும். தள்ளுபடி கிடையாது. இன்னொன்று: பழைய கார்டில் இந்த வருடம் செய்த செலவு புது கார்டின் இலக்கில் சேராமல் போகலாம். அப்கிரேடு ஆன நாளிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்குவார்கள்.

லவுஞ்ச் விஷயத்திலும் இதே கதை. முந்தைய காலாண்டில் இத்தனை ஆயிரம் செலவழித்திருந்தால்தான் இந்தக் காலாண்டில் உள்ளே விடுவோம் என்ற நிபந்தனை இப்போது பல கார்டுகளில் வந்துவிட்டது. "லவுஞ்ச் உண்டா" என்று மட்டும் கேட்காதீர்கள். "செலவு நிபந்தனை இல்லாமல் உண்டா, காலாண்டுக்கு எத்தனை முறை, கூட வருபவருக்கும் உண்டா" என்று கேளுங்கள். வரவேற்புப் பரிசும் பெரும்பாலும் புதிதாக கார்டு வாங்குபவருக்குத்தான், அப்கிரேடு செய்பவருக்கு இல்லை என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

லிமிட் கூடும் என்பதும் தானாக நடப்பதல்ல. லிமிட்டை உயர்த்துவதற்கு உங்கள் சம்மதம் தனியாக வாங்க வேண்டும். பழைய லிமிட்டுடனேயே புது கார்டு வருவதும் சகஜம்.

அப்கிரேடே கூடாது என்று சொல்ல வரவில்லை. வெளிநாட்டுச் செலவு இருப்பவருக்கு அது நிஜமாகவே பயன்படும். சாதாரண கார்டுகள் பலவற்றில் அந்நியச் செலாவணி மார்க்கப் (வெளிநாட்டுச் செலவின் மேல் பேங்க் போடும் கூடுதல் கட்டணம்) 3.5 சதவீதம், ஜிஎஸ்டியுடன் 4.13. மேல்படி கார்டுகள் சிலவற்றில் 2 சதவீதம், ஜிஎஸ்டியுடன் 2.36. பிள்ளையின் படிப்புக்கோ பயணத்துக்கோ வருடம் 2 லட்சம் ரூபாய் வெளிநாட்டில் தேய்த்தால் முதலாவதில் 8,260 போகும், இரண்டாவதில் 4,720. மிச்சம் 3,540. கட்டணம் 2,950 போனாலும் லாபம்தான். இப்படி உங்கள் செலவை வைத்து எண் போட்டுப் பார்த்து லாபம் வந்தால் வாங்குங்கள்.

அழைப்பு வந்தால் "மெயிலில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்பதோடு பேச்சை முடித்துவிடலாம். "இன்னிக்கு மட்டும்தான் ஆஃபர்" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே விட்டுவிடுங்கள். மெயில் வந்தால் அதில் ஆண்டுக் கட்டணம் முதல் வருடத்துக்கு எவ்வளவு, இரண்டாம் வருடத்திலிருந்து எவ்வளவு என்று பாருங்கள். முதல் வருடம் இலவசம் என்பதும் வாழ்நாள் இலவசம் என்பதும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். பழைய பாயின்ட் முழுமையாக வருமா, ஓடிக்கொண்டிருக்கும் இஎம்ஐ என்ன ஆகும், பழைய கார்டை மூடாமல் இரண்டாவது கார்டாகத் தர முடியுமா என்பவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசிக் கேள்விக்குச் சில பேங்குகள் சம்மதிக்கும். இலவச கார்டு வைத்திருப்பவருக்கு அதுதான் நல்ல வழி. ஓடிபி வந்ததும் எண்ணை மட்டும் பார்க்காமல் அந்த எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படியுங்கள். எதற்கான ஓடிபி என்று அதில் எழுதியிருக்கும்.

ஓடிபியை வாயால் சொல்லச் சொன்னாலோ, வாட்ஸப்பில் ஏபிகே ஃபைல் அனுப்பி இன்ஸ்டால் செய்யச் சொன்னாலோ, பேசுவது பேங்க் ஆள் அல்ல, திருடன். பணம் போயிருந்தால் உடனே கார்டை பிளாக் செய்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: ரிசர்வ் வங்கியின் கார்டு விதிமுறைகள் (முதலில் 2022 ஏப்ரல் 21-ல் வந்தவை) இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கின்றன. வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கார்டு கொடுப்பதற்கும் அப்கிரேடு செய்வதற்கும் தடை. அப்படிச் செய்து, ஆக்டிவேட்டும் ஆகி, கட்டணமும் பிடித்திருந்தால், பிடித்ததைத் திருப்பித் தருவதோடு அதைப் போல் இரண்டு மடங்கை அபராதமாக வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். 2,950 திருப்பினால் அதற்கு மேல் 5,900. இதை நீங்கள் கேட்காவிட்டால் யாரும் தானாகத் தருவதில்லை. "குட்வில்லாக ரிவர்ஸ் செய்கிறோம்" என்று 2,500-ஐ மட்டும் திருப்பிவிட்டு ஜிஎஸ்டி 450-ஐ விட்டுவிடுவதும் உண்டு, ஸ்டேட்மென்டில் வரிக்கு வரி சரிபாருங்கள்.

நீங்களே ஓடிபி போட்டிருந்தால் பேங்க் அதைத்தான் சம்மதம் என்று காட்டும். அதனால் புகாரில் "நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்று மட்டும் எழுதினால் நிற்காது. அழைப்பின் ஒலிப்பதிவு, சம்மதம் பெற்ற தேதியும் நேரமும், கட்டணம் எழுதிய பக்கம் ஓடிபிக்கு முன்பு எனக்குக் காட்டப்பட்டதற்கான ஆதாரம் ஆகிய மூன்றையும் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒலிப்பதிவில் "ஃப்ரீ" என்ற சொல் இருந்து கட்டணம் பற்றிய பேச்சே இல்லை என்றால் உங்கள் பக்கம் வலுவாகிவிடும். புது கார்டு கைக்கு வந்தபின் விஷயம் தெரிந்தால் ஆக்டிவேட் செய்யாதீர்கள், பின் நம்பர் போடாதீர்கள். 30 நாளுக்கு மேல் ஆக்டிவேட் ஆகாத கார்டுக்கு ஓடிபி மூலம் மறுபடி சம்மதம் கேட்க வேண்டும், சம்மதம் தராவிட்டால் 7 வேலை நாளில் செலவில்லாமல் மூட வேண்டும் என்பதும் அதே விதிமுறையில் இருக்கிறது.

புகாரை மெயிலில் அனுப்பி எண் வாங்குங்கள். கஸ்டமர் கேரில் பேசிய பேச்சு எந்தக் கணக்கிலும் வராது. பில்லைக் கெடு தேதிக்குள் முழுதாகக் கட்டிவிட்டு, கட்டணத்தை எதிர்ப்புடன் கட்டியதாக அதே மெயிலில் எழுதிவிடுங்கள். கோபத்தில் பாக்கி வைத்தால் மாதம் மூன்றரை சதவீதத்தைத் தாண்டும் வட்டி, தாமதக் கட்டணம், சிபில் பாதிப்பு என்று சண்டை வேறு பக்கம் திரும்பிவிடும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் (பேங்க் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) சிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448-ல் கேட்கலாம்.

கார்டே வேண்டாம் என்று முடிவெடுத்தால், முதலில் பாயின்டுகளை எடுத்துவிட்டு, ஆட்டோ டெபிட்களை வேறு கார்டுக்கு மாற்றி, பாக்கியை முழுதும் அடைத்தபின் மூடச் சொல்லி எழுதுங்கள். 7 வேலை நாளில் மூடாவிட்டால், பாக்கி எதுவும் இல்லாத பட்சத்தில், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். மூடியதற்கான மெயிலைப் பத்திரப்படுத்துங்கள். ஓரிரு மாதம் கழித்து, வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து, பழைய எண், புது எண் இரண்டுமே "க்ளோஸ்டு" என்று காட்டுகிறதா பாருங்கள். ஒன்று மூடாமல் தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டுக் கட்டணம் அதன் மேல்தான் வந்து விழும்.