இங்கிலாந்தில் வீடும் பெனிஃபிட் என்கிற அரசு உதவித்தொகையும் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 2,65,000 ரூபாய். மனைவியின் நகையை அடகு வைத்து எடுத்த பணம். வாங்கியவர்கள் எங்கள் பக்கத்தில் கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டு ஆபீஸ் நடத்துகிற ஒரு வெளிநாட்டு ஏற்பாட்டுக் கம்பெனி. புகார் கொடுத்திருக்கிறேன், இப்போதைக்குப் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் போடவில்லை. ஆனால் கேரள எல்லையில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், சித்தூர் என்று இந்தப் பக்கம் முழுக்க நர்ஸ் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்புகிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் ஆறப்போடாமல் இன்றைக்கே எழுதுகிறேன்.

என் மனைவி பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே ஓஇடி என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதி, ஹெல்த் அண்ட் கேர் விசா என்கிற வேலை விசாவில் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆரம்பத்தில் தங்க ஓர் அறை கொடுத்தார்கள். அந்தக் கெடு முடிவதற்குள் வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். நானும் மகளும் டிபெண்டென்ட் விசாவில் போக வேண்டும் என்றால் அந்த ஒற்றை அறை எப்படிப் போதும்? புதிதாகப் போனவர்களுக்கு அங்கே வீடு கிடைப்பது லேசான காரியம் இல்லை. கடன் வாங்கிக் கட்டிய வரலாறு அந்த நாட்டில் இருக்காது. ஜாமீனுக்கு அங்கேயே வேலை பார்க்கிற ஆள் வேண்டும் என்பார்கள். ஆள் இல்லை என்றால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்டவர்களும் உண்டு. நைட் ஷிஃப்ட் முடித்து, தூங்காமல் வீடு பார்க்கப் போவாள். போய்ச் சேர்வதற்குள் அது வேறு யாருக்கோ முடிந்திருக்கும். போனில் அழுவாள். இந்த மாதிரி நேரத்தில்தான் இவர்கள் உள்ளே வருகிறார்கள்.

அந்த ஆபீசுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நாற்காலியில் இருந்த ஆள் எழுந்து நின்று அம்மாவை உட்கார வைத்தார். நல்ல தமிழ் பேசினார். வில்லேஜ் ஆபீஸ், பேங்க், பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் மலையாளத்தில் எழுதி நீட்டிப் பழகிய எங்களுக்கு, ஓர் ஆபீசில் உட்கார்ந்து நம் பேச்சிலேயே எல்லாம் கேட்க முடிந்தது பெரிய ஆறுதல். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டு, சீனி போடாத டீ வாங்கி வரச் சொன்னார். "அண்ணா, நம்ம பிள்ளைங்களுக்கு நாம செய்யாம வேற யாரு செய்வாங்க?" என்றார்.

அப்புறம் வீடியோ கால். இங்கிலாந்தில் இருக்கிற எங்கள் ஸ்டாஃப் என்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அவரும் தமிழ்தான். இரண்டு பெட்ரூம், மாடிப்படி, பின்னால் சின்னப் புல்தரை. ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, ஆவி வருகிற வரைக்கும் போனை அதன் பக்கத்திலேயே பிடித்திருந்தார். "பாருங்க அம்மா, சுடுதண்ணி இருபத்துநாலு மணி நேரமும் வரும். பாப்பா குளிச்சிட்டு ஸ்கூல் போகலாம்." அம்மா என் கையைப் பிடித்து, "இதையே முடிச்சிருப்பா" என்றார்கள். வாடகை மாதம் 850 பவுண்டு, ஜாமீன் வேண்டாம். ஒப்பந்தத்தை மேஜையில் விரித்து வரிவரியாகத் தமிழில் படித்துச் சொன்னார். அத்தனை பொறுமையாக எந்த ஆபீசிலும் எனக்கு யாரும் விளக்கியது இல்லை.

இரண்டு மாத வாடகை டெபாசிட், 1,700 பவுண்டு. பவுண்டுக்கு 115 ரூபாய் என்று போட்டு, நமக்குள்ளே என்ன என்று ஐந்நூறைத் தள்ளி, 1,95,000 என்றார். முதல் மாத வாடகையைச் சாவி வாங்கும்போது கொடுத்தால் போதும். அதற்கு மேல் 70,000 ரூபாய் 'பெனிஃபிட் ஃபைல்' போட. குழந்தைக்கு வாரம் 26 பவுண்டு கவர்ன்மென்ட் கொடுக்கும், வாடகையிலும் ஒரு பங்கு கொடுக்கும், நீங்கள் கேட்காததால்தான் உங்களுக்கு வருவதில்லை, ஃபைல் நாங்கள் போடுகிறோம், இந்த எழுபதாயிரம் சில மாதத்தில் திரும்பிவிடும் என்றார். ஆக மொத்தம் 2,65,000.

பணத்தை இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டாம் என்றார். பேங்க் மூலம் போனால் ஃபாரம், பான் கார்டு, டாக்ஸ் என்று இழுக்கும், ரூபாயில் இங்கேயே கட்டிவிடுங்கள், அங்கே நாங்கள் பவுண்டில் கொடுத்துவிடுவோம் என்றார். கொடுத்த அக்கவுண்ட் கம்பெனி பெயரில் இல்லை, ஒரு தனி ஆள் பெயரில். கேட்டதற்கு அது பார்ட்னர் அக்கவுண்ட் என்றார். ரசீதில் வீட்டு விலாசமும் இல்லை, டெபாசிட் என்ற சொல்லும் இல்லை. 'கன்சல்டேஷன் சார்ஜ்' என்று ஒரே வரி. கேட்டால் ஜிஎஸ்டிக்காக அப்படித்தான் போட வேண்டும் என்று பதில் வந்தது. எது கேட்டாலும் அவர்களிடம் பதில் தயாராக இருந்தது.

சாவி கொடுக்க வேண்டிய நாளில் சாவி வரவில்லை. வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்து அங்கே பேங்க் லீவு. அடுத்து பெயின்ட் அடிக்கிறார்கள். வீடியோவில் வந்த பெண்ணின் நம்பர் அடைந்தது. ஆபீசுக்குப் போனால் சார் மீட்டிங்கில், சார் கொச்சியில், சார் இப்போதுதான் சாப்பிடப் போனார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. ஒருநாள் வாசலிலேயே நின்று பிடித்தேன். "சார், நீங்க கையெழுத்து போட்ட பேப்பர்ல வீடுன்னு எங்கே இருக்கு? கன்சல்டேஷனுக்குத்தானே பணம் கட்டினீங்க?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டார். அம்மாவுக்கு நாற்காலி போட்ட அதே ஆள்.

அங்கே மனைவி ஒப்பந்தத்தில் இருந்த விலாசத்தைத் தேடிப் போனாள். கதவைத் திறந்தவர் ஒரு வயதானவர். அது அவருடைய சொந்த வீடு, வாடகைக்கு விடும் எண்ணமே இல்லை. எங்கள் ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் என்று போட்டிருந்த பெயரை அவர் கேள்விப்பட்டதே கிடையாது. வீடியோவில் நாங்கள் பார்த்தது எந்த வீடு என்று இன்றைக்கு வரை தெரியாது. மழையில் நனைந்துபோய் நின்றவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார் அந்த மனிதர். அவர் நன்றாக இருக்கட்டும்.

பெனிஃபிட் விஷயம் இதைவிட மோசம். வாரம் 26 பவுண்டு என்று அவர் சொன்ன கணக்கு சரிதான். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் சைல்டு பெனிஃபிட், அதாவது குழந்தைக்கான உதவித்தொகை, மூத்த குழந்தைக்கு வாரம் 26.05 பவுண்டாக இருந்தது. ஆனால் அது எங்களுக்குக் கிடையாது. இப்படி வேலை விசாவில் போகிறவர்களுக்குப் பொது நிதி பெற உரிமை இல்லை என்பது விசா நிபந்தனை. ஆன்லைனில் இருக்கிற இ-விசாவைத் திறந்தாலே அது எழுதியிருக்கிறது. யுனிவர்சல் கிரெடிட், சைல்டு பெனிஃபிட், ஹவுசிங் பெனிஃபிட், வருமானம் குறைந்தவர்களுக்கான கவுன்சில் டாக்ஸ் குறைப்பு, எல்லாம் அந்தப் பொது நிதிப் பட்டியலில் வருகிறது. நமக்கு உரிமை இல்லாத ஒன்றை விண்ணப்பம் போட்டு வாங்கினால் அது நிபந்தனையை மீறுவது. விசா நீட்டிக்கிற நேரத்தில் அதைக் காட்டி மறுக்கலாம், இருக்கிற விசாவுக்கே ஆபத்து வரலாம். அந்த ஃபைலை இவர்கள் நிஜமாகவே போட்டிருந்தால் என் மனைவியின் வேலையே போயிருக்கும். எழுபதாயிரத்தை வாங்கிக்கொண்டு எங்களை அந்தக் குழியில் தள்ளத் தயாராக இருந்தார்கள். பெனிஃபிட் கொடுக்கிற துறைகளுக்கு விண்ணப்பம் போட ஒரு பைசா கட்டணமும் கிடையாது என்பது வேறு.

மகளுக்கு அங்கே அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்கலாம், என்எச்எஸ் என்கிற அரசு வைத்தியமும் உண்டு. இவை பொது நிதிக் கணக்கில் வராது. வேலை பார்த்துச் சேர்கிற உரிமைகள், உடம்பு முடியாதபோது வருகிற சிக் பே, பிரசவ கால மெட்டர்னிட்டி பே, இவையும் தகுதி இருந்தால் கிடைக்கும். இதை ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிற ஒரு மலையாளிச் சேச்சிதான் உட்கார வைத்து மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார், பத்து பைசா வாங்காமல்.

இப்போது எனக்குத் தூக்கம் கெடுவது வேறு காரணத்தால். பெனிஃபிட் ஃபைலுக்கு என்று அவளுடைய பாஸ்போர்ட் நகல், நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் (அங்கே வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற எண்), சம்பளச் சீட்டு எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதை வைத்து அவள் பெயரில் யார் எதற்கு விண்ணப்பம் போடுவார்களோ! திருப்பிக் கேட்டால், டெலீட் பண்ணிவிட்டோம் என்று ஒரு வரி மெசேஜ்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல் சட்டம் இருக்கிறது: வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வீட்டை நமக்காகப் பிடித்து வைக்க வாங்கும் முன்பணம் ஒரு வார வாடகைக்கு மேல் கூடாது. 850 பவுண்டு வீட்டுக்கு டெபாசிட் 980 பவுண்டுதான் வரும். இரண்டு மாதம் கேட்கிறவனிடம் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். டெபாசிட்டை வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகாரம் பெற்ற மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட்டு உங்களுக்கு விவரம் தர வேண்டும். எந்தத் திட்டம் என்று முதலிலேயே கேளுங்கள். விசா பார்க்க ஷேர் கோடு, அதாவது இ-விசாவை ஆன்லைனில் சரிபார்க்க உதவும் எண், கேட்பார்கள், அது முறைதான். அங்கே இருக்கிற நம் ஆள் நேரில் போய் வீட்டுக்குள் நின்று பார்க்காமல் இங்கிருந்து ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது. வீடியோவில் ஆவி வருகிற குழாயைக் காட்டினாலும் சரி.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள், அவர்கள் 'இன்னும் இரண்டு நாள்' என்பதற்காகக் காத்திருக்காதீர்கள். அந்த இரண்டு நாளில்தான் பணம் அக்கவுண்ட் விட்டு அக்கவுண்ட் போகிறது.

'கன்சல்டேஷன் சார்ஜ்' என்று ஒரே வரி போட்ட ரசீது உங்கள் வீட்டிலும் இருந்தால், கூச்சப்படாமல் அதை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போங்கள். என் ஒருவன் புகாரை வைத்து அது சேவைக் கட்டணத் தகராறு என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். நான்கு ரசீது ஒன்றாகப் போனால் அப்படிச் சொல்ல முடியாது. என் 2,65,000-க்கான ரசீதும் பேங்க் ஸ்டேட்மென்டும் தயாராக இருக்கிறது, கூட வருகிறேன்.