தில்லியில் பிள்ளைகளோடு ஒரு வாரம்

அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. நான் வளர்ந்தது தில்லி ஆர்.கே.புரத்தில். இப்போது லண்டன்வாசி. பிப்ரவரியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை வந்ததும், எட்டு வயது மகளையும் ஐந்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் நாளே இரண்டு கோட்டைகளைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியது தப்பு. வாடகைக் கார் ஒன்றரை மணி நேரம் தாமதம். போன இடத்தில் கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று காவலாளிக்கே தெரியவில்லை. மகன் அழுதுவிட்டான். குழந்தைகள் வரும் இடத்தில் இது சின்னக் குறை இல்லை. "ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும்டா, காலையில போயிட்டு சாப்பாட்டுக்கு வந்துடுங்க" என்றாள் அம்மா. அதற்கப்புறம் அப்படித்தான் செய்தோம்.

சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்துக்கு அம்மாவும் வந்தாள். 1977இல் திறந்த இடம், திங்கட்கிழமை விடுமுறை. குட்டி ரயில் சவாரி உண்டு. ஆனால் பிள்ளைகள் நகராமல் நின்றது பாட்டியாலா சமஸ்தானத்தின் 1907ஆம் வருஷத்து மோனோ ரயிலுக்கு முன்னால். தரையில் ஒரே ஒரு தண்டவாளம். பாரம் கிட்டத்தட்ட முழுக்க அதன் மேல்தான். சாயாமல் இருக்க ஒரு பக்கம் பெரிய சக்கரம், அது சாலையிலேயே உருளும். "விழாதா பாட்டி?" என்றாள் மகள். "நீ சைக்கிள் பழகினப்போ பக்கத்துல சக்கரம் இருந்துதே, அதே மாதிரிதான்" என்றாள் அம்மா. அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் ஜந்தர் மந்தர், வானத்தை அளக்கக் கட்டிய பழைய வானியல் கூடம். ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் ஜெய்சிங் 1724இல் கட்டியது. தொல்லியல் துறை இடங்களில் பதினைந்து வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, பெரியவர்கள் மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். வெயில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், நிழல் விழாவிட்டால் அங்கே பாதி விஷயம் இல்லை. சாம்ராட் யந்திரம் என்ற பெரிய சூரிய கடிகாரத்தின் நிழல் ஒரு கல் விரிசலுக்கு இந்தப் பக்கம் இருந்தது. "அதையே பாரு" என்றேன் மகனிடம். கண் எடுக்காமல் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் நிழல் விரிசலைத் தாண்டியதும் கை தட்டிக் குதித்தான். நிழல் தரும் அதன் சாய்வுச் சுவர் பூமியின் அச்சுக்கு இணையானது, அதனால் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு சாய்வு, ஊருக்கு ஊர் மாறும். தில்லியில் சுமார் 28 டிகிரி. சென்னையில் கட்டினால் 13தான், லண்டனில் 51. மகள் கையைச் சாய்த்துச் சாய்த்து மூன்று ஊரையும் காட்டினாள்.

கடைசி நாள் சாயங்காலம் மலை மந்திர், ஆர்.கே.புரத்து முருகன் கோயில். நான் சின்ன வயதில் ஓடி ஏறிய படிகள். மேலே "யாமிருக்க பயமேன்" என்று பெரிதாக எழுதியிருக்கும். மகள் வார இறுதித் தமிழ் வகுப்பில்தான் எழுத்துப் பழகுகிறாள். விரலை நீட்டி, யா, மி, ரு என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து முடித்துவிட்டு, "யாம்னா யாரு பாட்டி?" என்று கேட்டாள். அம்மா அவளைச் சன்னதிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.