ரிச்சி தெருவில் ஒரு ட்ரோன் உடம்பு மாற்றம்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகிறவனிடம் வழக்கமாகக் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் கேட்பார்கள். கும்பகோணத்தில் கல்யாண ஸ்டுடியோ நடத்தும் என் சித்தப்பா மகன் இந்த முறை கேட்டது ஒரு ட்ரோனின் மேல்மூடி. மாப்பிள்ளை அழைப்பைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது அவனுடைய டிஜேஐ மினி 2 தென்னை மட்டையில் மோதி மண்டபத்து வாசலில் விழுந்திருக்கிறது. கேமரா பிழைத்தது, உடம்புதான் விரிந்துவிட்டது. "முழு ட்ரோன் வேண்டாம் அண்ணே, மேல்மூடி மட்டும் போதும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, நான்கு கோணத்தில் படமும் அனுப்பியிருந்தான்.

முழு ட்ரோன் வேண்டாம் என்று அவன் சொன்னது பணத்தை நினைத்து அல்ல. 2022 பிப்ரவரி 9 அன்று வந்த மத்திய அரசின் அறிவிக்கைப்படி ட்ரோன்களை இந்தியாவுக்கு இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. முழுதாகக் கொண்டு வந்தாலும் சரி, பாதி பிரித்து வந்தாலும் சரி, எல்லாப் பாகங்களையும் தனித்தனியாகப் பெட்டியில் போட்டு வந்தாலும் சரி, தடைதான். ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புத் துறைக்கும் மட்டும் விலக்கு, அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். உதிரிப் பாகங்களுக்கு மட்டும் எந்த அனுமதியும் தேவையில்லை என்று அதே அறிவிக்கை சொல்கிறது. விமான நிலையச் சுங்கப் படிவத்தில் ட்ரோன் கொண்டு வருகிறீர்களா என்று ஒரு வரி இருப்பதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. "சொந்த உபயோகத்துக்குத்தான் சார்" என்ற சமாதானம் அங்கே செல்லாது. வெளிநாட்டில் உடைந்ததை ஊரில் மலிவாகப் பழுதுபார்க்கலாம் என்று எண்ணிப் பெட்டிக்குள் வைத்து வருவதும் வேண்டாத வேலை. நான் கொண்டுபோனது ஒரு பிளாஸ்டிக் மூடி, அதன் ரசீதோடு. திருச்சி விமான நிலையத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காட்ட ரசீது இருந்தது.

கும்பகோணத்தில் அந்த ட்ரோனைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான், படத்தில் தெரியாத சங்கதி தெரிந்தது. உள்ளூர் கைப்பேசிக் கடை ஒன்றில் விரிசலை ஏற்கெனவே "சரி" செய்திருந்தார்கள். நொடியில் ஒட்டும் பசையை வழிய வழிய ஊற்றி, அதன்மேல் எபாக்ஸியை அப்பி, அதுவும் பார்க்க அசிங்கமாக இருந்ததால் தம்பி வண்ண ஸ்டிக்கர் ஒன்றைச் சுற்றியிருந்தான். நொடிப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துப் போகும். அசையாத பொருளுக்கு அது பொருந்தும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலும் மோட்டார் நான்கைச் சுமக்கும் உடம்புக்குப் பொருந்தாது. அதிர்வில் முதலில் விடுவது அந்த ஒட்டுதான். விட்டும் இருந்தது. பசையின் ஆவி படிந்து விரிசலைச் சுற்றி வெள்ளை பூத்திருந்தது.

ஸ்டுடியோவுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு நகைப் பட்டறை. அங்கிருந்த தராசில் பேட்டரியோடு வைத்துப் பார்க்கச் சொன்னேன். 252 கிராம் காட்டியது. ஆசாரி சிரித்துக்கொண்டே "சேதாரம் போட்டுக்கொள்ளலாமா?" என்றார். சிரிக்கிற விஷயம் இல்லை. மினி 2 கம்பெனியிலிருந்து வரும்போது 249 கிராமுக்குள் இருக்கும்படி செய்யப்பட்டது. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை 'நானோ', அதைத் தாண்டினால் 'மைக்ரோ'. நானோ வகைக்கு விமானிச் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோ ட்ரோனைத் தொழிலுக்கு ஓட்டினால் தேவை. கல்யாணத்தில் காசு வாங்கிக்கொண்டு படமெடுப்பது தொழில் இல்லாமல் வேறென்ன? வரம்பைத் தாண்டிய அந்த இரண்டு கிராம் தம்பியை வேறு வகைக்குள் தள்ளியிருந்தது. அவனோ எடையைப் பற்றி யோசிக்கவே இல்லை. பறக்கிறதா, பறக்கிறது என்பதோடு விட்டுவிட்டான்.

சென்னைக்குப் போகும் முன், "அங்கீகாரம் பெற்ற சேவை" என்று பெரிய பலகை வைத்திருந்த ஓர் இடத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். பார்த்துச் சொல்வதற்கே ஒரு கட்டணம், கூரியர் செலவு நம்முடையது, உடம்பு மட்டும் மாற்றுவது இல்லை, பழையதைக் கொடுத்து வேறொரு முழு ட்ரோன் வாங்கிக்கொள்ளும் "யூனிட் எக்ஸ்சேஞ்ச்" மட்டும்தான், அதுவும் கையிருப்பு வந்தால் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்கள். எப்போது வரும் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. சிங்கப்பூரிலும் கவுண்டர்களில் பெரும்பாலும் இதே பதில்தான். ஒரே வித்தியாசம், அங்கே கையிருப்பு இருக்கும். திருகாணியைத் தொட யாரும் தயாராக இல்லை என்பதில் இரண்டு ஊரும் ஒன்று.

ஆகவே உழவன் எக்ஸ்பிரஸ். இரவு கும்பகோணத்தில் ஏறினால் விடியலில் எழும்பூர். ரிச்சி தெரு அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான், ஆனால் காலையில் போய்ப் பயனில்லை. பத்தரை, பதினொன்றுக்குத்தான் ஷட்டர்கள் முழுதாக மேலே போகின்றன. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. இரண்டு வார விடுப்பில் வருகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணா சாலையை ஒட்டி, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு, வாலர்ஸ் சாலை எல்லாம் சேர்ந்த வட்டாரத்தைத்தான் மக்கள் பொதுவாக ரிச்சி தெரு என்கிறார்கள். ரெசிஸ்டர் முதல் சிசிடிவி கேமரா வரை கிடைக்கும் இடம். நான் கல்லூரியில் படித்தபோது சாலிடரிங் இரும்பு வாங்கப் போன அதே தெரு. நெரிசல் குறையவில்லை, நடுவில் புகும் சுமை வண்டிகளும் குறையவில்லை. மாறியது சரக்கு. டேப் ரிக்கார்டர் ஹெட் விற்ற கடைகளில் இப்போது ட்ரோன் மோட்டாரும் இறக்கையும் தொங்குகின்றன.

முதலில் நுழைந்த கடையில் பத்து விநாடிகூடப் பார்க்காமல் "போர்டு போய்விட்டது சார், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். போர்டு போன ட்ரோன் எப்படி நேற்று வரை பறந்தது என்று தம்பி கேட்டதற்கு, கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். இன்னொரு இடத்தில் முன்பணம் கொடுத்து விட்டுப் போகச் சொன்னார்கள், கண்முன்னே திறக்க மாட்டார்களாம். கண்முன்னே திறக்காத இடத்தில் ட்ரோனை விடக் கூடாது என்பது என் கட்சி. கேமராவைத் தாங்கும் நல்ல கிம்பல் உள்ளே போய் சொத்தைக் கிம்பல் வெளியே வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாவதாக ஒரு மாடி. ஆள் ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய படிக்கட்டு. மேலே மேசை, மைக்ரோஸ்கோப், சூடான காற்று ஊதும் கருவி, காந்தம் பதித்த விரிப்பு. முப்பது வயதுக்குள் இருக்கும் ஓர் இளைஞர். ட்ரோனை வாங்கியதும் விரிசலைப் பார்க்கவில்லை. நான்கு கைகளையும் விரித்து, ஒவ்வொன்றின் நுனியையும் இரண்டு விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். முன்பக்க இடது கை மட்டும் ஒரு நூல் அளவு அதிகம் ஆடியது.

"மேல்மூடி தோல் மாதிரி சார், கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். நடுச்சட்டம் எலும்பு. இதில் எலும்பு விட்டிருக்கிறது" என்றார்.

அதன்பிறகு திறந்தார். திருகாணிகளைக் கழற்றக் கழற்ற, விரிப்பில் ட்ரோன் படம் வரைந்து, எந்தத் திருகாணி எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்தில் வைத்தார். நீளத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம், மாற்றிப் போட்டால் உள்ளே இருக்கும் போர்டில் குத்திவிடும் என்றார். மூடியின் ஓரத்துக் கொக்கிகளை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் நெம்பினார். இரும்பு எதையும் கிட்டே கொண்டுவரவில்லை. மூடி கொஞ்சம் எழும்பியதும் நிறுத்தி, கீழே ஓடிய ஜிபிஎஸ் நாடாவைச் சாமணத்தால் விடுவித்தார். யூடியூபைப் பார்த்து வீட்டில் திறக்கிறவர்கள் மூடியைச் சட்டென்று தூக்கி அந்த நாடாவைக் கிழித்துக்கொண்டு வருவார்களாம். மூடியை மாற்றப் போய் ஜிபிஎஸ்ஸையும் சேர்த்து மாற்றிய கதைகள் அவரிடம் நிறைய இருந்தன.

உள்ளே பார்த்தால், இடது கை மடங்கும் கீலைப் பிடித்திருக்கும் இடத்தில் நடுச்சட்டம் குறுக்கே வெடித்திருந்தது. மயிரிழை விரிசல். கை கொஞ்சம் சாய்ந்தால் மோட்டாரும் சாயும், சாய்வை ஈடுகட்ட மற்ற மோட்டார்கள் கூடுதலாக உழைக்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், வீடியோவில் அலை அலையாக நடுக்கம் தெரியும். கடைசி சில கல்யாணங்களில் வீடியோ ஏன் கூழ் மாதிரி ஆடியது என்ற கேள்விக்குத் தம்பிக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. அவன் அதுவரை மெமரி கார்டைச் சந்தேகித்துக்கொண்டிருந்தான்!

நான் கொண்டுவந்த மேல்மூடி சரியாகப் பொருந்தியது. நடுச்சட்டத்தைக் கீழ்த் தெருவில் தேட வேண்டியதாயிற்று. சரக்கு இரண்டு வகை. ஒன்று நகல், உறை பிரிக்காமல் பளபளவென்று இருக்கும். மற்றது வேறொரு செத்த ட்ரோனிலிருந்து கழற்றிய ஒரிஜினல், கீறல் இருக்கும், கொஞ்சம் அழுக்கும் இருக்கும். இளைஞர் இரண்டையும் வாங்கிவரச் சொல்லி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நகலின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் பிசிறு தட்டியது. திருகாணித் துளைகள் நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கியிருந்தன. கையின் கீலை நுழைத்தால் புதிதிலேயே லொடலொடத்தது. எடையும் கூடுதல். கழற்றிய சட்டத்தை வைத்துக்கொண்டோம். நகலைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் முணுமுணுத்தாலும் பணத்தைக் கொடுத்துவிட்டார். ஆக, விமானத்தில் ஏறி வந்த புது மூடியும் தெருவில் கிடந்த பழைய சட்டமும் சேர்ந்துதான் ட்ரோனுக்கு உடம்பு அமைந்தது.

நடுச்சட்டத்தை மாற்றுவது என்பது ஏறக்குறைய ட்ரோனையே மறுபடி கட்டுவது. கிம்பல், கீழே தரையைப் பார்க்கும் சென்சார், போர்டு எல்லாம் வெளியே வந்தன. ஒரு மோட்டாருக்கு மூன்று கம்பி, ஆகப் பன்னிரண்டு. அத்தனையையும் போர்டிலிருந்து பிரித்து மறுபடி பற்றவைக்க வேண்டும். கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். மூன்றில் இரண்டு கம்பி இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அதனால் இறக்கைகளை மாட்டாமல் ஓடவிட்டு, ஒவ்வொரு மோட்டாரின் தலையிலும் சிறு காகிதத் துண்டை ஒட்டி, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தார். போர்டுக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே இருந்த பழைய வெப்பக் களிம்பைத் துடைத்துப் புதிது தடவினார். இதைச் செய்யாமல் மூடிவிடும் கடைகளும் உண்டு, பறந்து கொஞ்ச நேரத்தில் சூடு எச்சரிக்கை வரும்போதுதான் தெரியும்.

மத்தியானத்துக்குப் பிறகு மூன்று மணிநேரம் போலப் பிடித்தது. நடுவில் இரண்டு முறை மின்சாரம் போனது, ஒரு முறை அவருடைய அம்மா அழைத்தார், ஒரு முறை பக்கத்துக் கடைக்காரர் வந்து எதையோ கடன் வாங்கிப் போனார். கை மட்டும் அவசரப்படவில்லை. கடைசியாகத் தம்பியின் கைப்பேசியை வாங்கி, சமதள மேசையில் வைத்து உணர்விகளையும் கிம்பலையும் சீரமைத்தார். எலெக்ட்ரானிக் தராசு அவரிடமே இருந்தது. ஸ்டிக்கரும் எபாக்ஸியும் ஒழிந்ததில் 247 கிராம்.

கூலியும் சட்டமும் சேர்த்து ஆறாயிரத்துக்கும் குறைவு. யூபிஐ மட்டும்தான் என்றார். தம்பி செலுத்தினான், நான் அவனிடம் ரொக்கமாகக் கொடுத்தேன். ஆனால் ரசீது? கேட்டதும் ஒரு சீட்டில் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வரி எண் இல்லை, உத்தரவாதம் என்று ஒரு வரி இல்லை. "ஏதாவது என்றால் கூப்பிடுங்கள், நான் எங்கே போய்விடப் போகிறேன்" என்பதே உத்தரவாதம். இத்தனை தேர்ந்த கைக்கு இத்தனை சின்னச் சீட்டு என்பது எனக்கு உறுத்தியது. ஸ்டுடியோ கணக்கில் இந்தச் செலவை எழுதத் தம்பிக்கு வழியில்லை. பாகங்கள் சீராக வரும் வழி ஒன்று இருந்தால் இவர்களும் பலகை மாட்டி, பில் போட்டு வேலை செய்வார்கள். இப்போது ஒரு நல்ல நடுச்சட்டத்துக்கு இன்னொரு ட்ரோன் சாக வேண்டியிருக்கிறது.

சென்னையில் பறக்கவிட்டுப் பார்க்கும் பேச்சே இல்லை. தலைமைச் செயலகம் பக்கத்தில், சுற்றிலும் கட்டுப்பாடு. ஊர் திரும்பி, எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்தோம். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. அறுவடை முடிந்த வயல் ஒன்று வரைபடத்தில் பச்சையாக இருந்தது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை போகலாம். எங்களுக்கு ஆளுயரம் போதும். திசைகாட்டியைச் சீரமைத்து, ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்கவிட்டு, இறக்கியதும் நான்கு மோட்டாரையும் விரலால் தொட்டுப் பார்த்தோம். இது ரிச்சி தெரு இளைஞர் சொல்லிக் கொடுத்தது. எது அதிகம் சுடுகிறதோ அந்தக் கையில்தான் கோளாறு. நான்கும் ஒரே சூடு.

இறக்கைகளை மட்டும் தம்பி மாற்றாமல் வைத்திருந்தான். எட்டில் ஒன்றின் ஓரத்தில் சின்ன வெடிப்பு, அதிலும் பசை. உடம்பில் போட்ட ஒட்டாவது விட்டுப் போனால் ஆடும். இறக்கையில் போட்டது ஆகாயத்தில் விட்டால் பந்தியில் இருப்பவர் தலையில்தான் ட்ரோன் இறங்கும். அதைக் கழற்றி உடைத்துப் போட்டேன். சுவாமிமலை முகூர்த்தத்துக்கு வாங்கிய முன்பணத்தில் அன்றே புது செட் ஒன்றுக்குச் சொல்லிவைத்தான்.