போட் புரொப்பல்லர் அடிபட்டா ராவி ஓட்டலாமா, புதுசு போடலாமா?

முத்துப்பேட்டை அலையாத்தி காட்டுக்குள்ள தண்ணி வத்துன நேரம் போயி கட்டையில அடிச்சு, நம்ம அலுமினிய புரொப்பல்லர்ல ஒரு பிளேடு நுனி நகம் அளவு மடங்கிப்போச்சு. இவ்ளோதான்னா அரத்த போட்டு ராவிட்டு ஓட்டலாம், காசு மிச்சம்.

ஆனா பிளேடு நடுக்கட்டையோட சேர்ற அடியில விரிசல்னா புதுசுதான், வெல்டிங்க நான் நம்ப மாட்டேன், சூடு பட்ட எடம் பலம் கொறையும், மூணு பிளேடும் ஒண்ணுபோல வராது, உதற ஆரம்பிச்சு அந்த உதறல், சுத்துற தண்டு வழியா தண்ணி புகாம தடுக்கற ஷாஃப்ட் சீல தின்னு கியர் ஆயில்ல தண்ணி எறங்கிச்சுன்னா செலவு எங்கயோ போயிடும். இஞ்சின் மட்டும் கத்துது, போட் நகரலயா? அது பெரும்பாலும் புரொப்பல்லர் நடுவுல தண்ட புடிச்சிருக்கற ரப்பர் புஷ் வழுக்குறது, பிளேட ராவி பிரயோஜனம் இல்ல. புதுசு வாங்கறப்ப பழசுல பொறிச்ச விட்டம், பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னால போற தூரக் கணக்கு) நம்பர பாத்துக்கங்க. ராவுன பழச எடைக்கு போட்றாதீங்க, ஸ்பேரா போட்லயே கெடக்கட்டும்.