இரவு டியூட்டி பிஜிக்களும் போன் கேமராவும்: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

கண் பிரிவில் பிஜி (முதுநிலை) படிக்கும் டாக்டர் ராத்திரி டியூட்டியில் தனியாக இருக்கிறார். சீனியருக்கு போன் வருகிறது: "சார், கருவிழியில புண், கொஞ்சம் பெரிசாத்தான் இருக்கு." கொஞ்சம் என்றால் எவ்வளவு, நடுவிலா ஓரத்திலா, உள்ளே சீழ் நிற்கிறதா? முன்பெல்லாம் இதைக் கேட்டுப் பெறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சில வருடங்களாக ஸ்லிட் லேம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) மாட்டும் போன் அடாப்டரும், விழித்திரை பார்க்க 20டி லென்ஸை முனையில் பொருத்திய கருவி ஒன்றும் எங்களிடம் இருக்கின்றன. பிஜிக்களுக்குச் சொல்லித்தரும் இடத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கருவிக்குப் பெரிய செலவு வேண்டாம். கோவை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள், தூக்கிப் போடும் பொருள்களை வைத்தே இப்படி ஒன்றைச் செய்யும் முறையை 2019-ல் வெளியிட்டார்கள். போனின் ஃபிளாஷ் கேமராவை ஒட்டி இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். வெளிச்சம் பாப்பா (கருவிழிக்கு நடுவில் தெரியும் துளை) வழியாக உள்ளே போய் அதே வழியில் திரும்பினால்தான் விழித்திரை தெரியும். பின்னால் மூன்று கேமரா வைத்த புதுப் போன்கள் ஃபோகஸ் தேடும்போது தானாக வேறு கேமராவுக்குத் தாவிவிடுகின்றன. ஒற்றைக் கேமரா உள்ள பழைய போன் எவ்வளவோ மேல். அப்படி ஒன்றைப் பிரிவுக்கென்றே ஒதுக்கிவிட்டோம். நோயாளியின் கண் யாருடைய சொந்தப் போனிலும் கிடக்காது என்பது அதில் இன்னொரு நிம்மதி.

டார்ச்சை எரியவிட்டு, பிரகாசத்தைக் குறைத்து, வீடியோவாக எடுப்பதுதான் நல்லது. நல்ல ஃபிரேமை அப்புறம் பிரித்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாகப் போனால் சுருங்கி, நுணுக்கமெல்லாம் போய்விடும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. படம் வருவதற்கு முன்னால் எழுத்து வர வேண்டும். என்ன பார்த்தாய், என்ன நோய் என்று நினைக்கிறாய், என்ன செய்யப் போகிறாய் என்று மூன்று வரி எழுதி அனுப்பிய பிறகுதான் படம். முதலில் படத்தைப் பார்த்துவிட்டால் நான் பதிலைச் சொல்லிவிடுவேன். அந்தப் பிள்ளை வெறும் போட்டோகிராபராக நின்றுபோகும். எழுத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பிஜியின் கண் எதைத் தவறவிடுகிறது என்று தெரிகிறது.

ஒரு அறுவடைக் காலத்தில் வந்த நோயாளி, கண்ணில் நெல் உமி பட்டவர். பிஜி எழுதியது: "பாக்டீரியா அல்சர், 4 மில்லிமீட்டர், ஹைப்போபியான் இல்லை." ஹைப்போபியான் என்றால் கண்ணுக்குள் சீழ் நிற்பது. படத்தைப் பெரிதாக்கினால் புண்ணின் ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது, சற்றுத் தள்ளி ஒரு குட்டி வெள்ளைப் புள்ளியும் இருந்தது. நான் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "ஓரத்தை மட்டும் மறுபடி பார்த்து எழுதும்மா" என்றேன். கொஞ்ச நேரத்தில், "சார், ஃபங்கஸா இருக்கலாம், ஸ்மியர் எடுக்கிறேன்" என்று பதில் வந்தது. புண்ணிலிருந்து சுரண்டியெடுத்து, பூஞ்சையைக் காட்டும் கேஓஎச் கரைசல் போட்ட ஸ்லைடையும் மைக்ராஸ்கோப்பில் அதே போனை வைத்துப் படமெடுத்து அனுப்பினார். பூஞ்சை இழைகள் தெளிவாகத் தெரிந்தன. அன்றைக்கே பூஞ்சைக்கான நாட்டமைசின் மருந்தை ஆரம்பித்தாயிற்று.

விழித்திரையில் தகராறு வேறு மாதிரி. 20டி லென்ஸ் வழியாக வரும் படம் தலைகீழ், இட வலமும் மாறியிருக்கும். சில பிஜிக்கள் திருப்பி அனுப்புவார்கள், சிலர் அப்படியே அனுப்புவார்கள். விழித்திரை விலகலில் இது சின்ன விஷயமில்லை. மேல்பக்கம் விலகி மேக்குலா (கூர்மையான பார்வை தரும் நடுப்பகுதி) இன்னும் ஒட்டியிருந்தால், நீர் கீழே இறங்கி மேக்குலாவையும் பிரித்துவிடக்கூடும். நோயாளியைப் படுக்க வைத்து, உடனே விட்ரியோ-ரெட்டினா (விழித்திரை நோய்) டாக்டரிடம் பேச வேண்டிய கேஸ் அது. அதனால் எங்களிடம் ஒரே விதி: யாரும் திருப்பக் கூடாது, எந்தக் கண், எந்தப் பக்கம் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும்.

போனை நம்பக் கூடாத இடங்களும் உண்டு. ஒற்றைப் படத்தில் ஆழம் தெரியாது. அதனால் டிஸ்க் கப்பிங்கை (கண் நரம்பின் முகப்பில் உள்ள குழிவு) அதை வைத்து முடிவு செய்ய விடுவதில்லை. முன்னறையில் (கருவிழிக்குப் பின்னால் நீர் நிற்கும் இடம்) மிதக்கும் செல்களும் சரியாக விழாது. கண் அழுத்தத்தை அளந்துதான் ஆக வேண்டும். பாப்பா வெளிச்சத்துக்கு எப்படிச் சுருங்குகிறது என்பதை மருந்து விட்டு விரிப்பதற்கு முன்னாலேயே வீடியோ எடுக்கச் சொல்கிறேன். விரித்த பிறகு அந்தத் தகவல் கிடைக்காது.

பொறுப்பு யாருக்கு என்று பிஜிக்கள் கேட்பார்கள். மத்திய அரசின் 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி, ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் ஆலோசனை கேட்டாலும் சிகிச்சைப் பொறுப்பு நேரில் பார்ப்பவருக்குத்தான். ஆனால் அதைச் சொல்லி சீனியர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. படத்தில் சந்தேகம் தீரவில்லை என்றால் கிளம்பிப் போய்விடுவதுதான் என் வழக்கம்.

ஒரு கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. போன் வந்த பிறகு விழித்திரையைக் கலர் பென்சிலில் வரைவது குறைந்துவிட்டது. வரையும்போது ஓரம் முழுக்கச் சுற்றிப் பார்த்தாக வேண்டும். போனோ நடுவில் தெரிவதோடு திருப்திப்பட்டுவிடுகிறது. அதனால் விழித்திரைக் கேஸ்களில் வரைபடத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முணுமுணுக்கிறார்கள், ஆனால் அனுப்புகிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் ஸ்லிட் லேம்ப் அடாப்டரை மட்டும் வாங்குங்கள். கருவிழிப் படம் சீக்கிரம் கைவரும். 20டி லென்ஸ் வேலைக்குக் கை பழக நாளாகும், அதைப் பகலில் ஓபியில் பக்கத்தில் நின்று பழக்கிவிட்டு ராத்திரி டியூட்டிக்கு விடுங்கள்.